20 பவுண்டு குமாஸ்தா: ராமானுஜன் வேலை தேடிய ஆண்டுகள்

1912 பிப்ரவரி 9ஆம் தேதி திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு வேலை விண்ணப்பம் போனது. உங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் ஒன்று காலி என்று அறிகிறேன்; மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன்; எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய கல்லூரிப் படிப்பு) வரை படித்தேன், பல சங்கடங்களால் மேலே தொடர முடியவில்லை. ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன். வேலை கொடுத்தால் சரியாகச் செய்வேன் என்ற உறுதி எனக்கு இருக்கிறது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். எழுதியவருக்கு வயது 24. கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. கல்லூரித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். பெயர் எஸ். ராமானுஜன்.

ராமானுஜன் கதையை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நாமகிரித் தாயார் அருளால் வந்த மேதை என்பது ஒன்று. கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டி கண்டெடுத்த மேதை என்பது இன்னொன்று. இரண்டிலுமே 1910 முதல் 1914 வரையிலான ஆண்டுகள் நாலு வரியில் ஓடிவிடும். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன பிள்ளைகளோடு பேசும்போது நான் விரித்துச் சொல்வது அந்த ஆண்டுகளைத்தான். ஏனென்றால் அவருடைய கணிதம் அதற்கு முன்பே இருந்தது. 1904 முதல் 1910 வரை அதே மூளை, அதே நோட்டுப் புத்தகம், அதே உழைப்பு. அந்த ஆறு வருடத்தில் அவற்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை. அப்புறம் வந்த நான்கு வருடத்தில் கும்பகோணத்துத் திண்ணையிலிருந்து கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி வரை போய்விட்டார். இடையில் மாறியது என்ன என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

அவர் மாதிரி மேதை நம்மில் யார், அவரிடமிருந்து நமக்கென்ன பாடம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. என் பதில்: அவர் கணிதத்தை நாம் பின்பற்ற முடியாது, அதை அவர் மற்றவர்கள் முன்னால் எடுத்து வைத்த விதத்தைப் பின்பற்றலாம். அதை அவரும் கொஞ்சம் கொஞ்சமாக, தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டார்.

தொடங்கிய இடம்

அப்பா கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார், வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுக் குடும்பத்துக்குக் கொஞ்சம் சேர்ப்பார். டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு வாங்கிய பையன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தான். கணிதம் தவிர வேறெதையும் படிக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றதால் உதவித்தொகை போனது. 1905இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடம்பு படுத்தியது, உடலியல் பாடம் காலை வாரியது, எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907இல் தனியாக எழுதிப் பார்த்தும் அதே முடிவு. இன்றைய பேச்சில் சொன்னால், அரியரோடு படிப்பு நின்றுபோனவர்.

டியூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்தை விட்டு விலகித் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போய்விடுவார் என்பதால் அதுவும் நிலைக்கவில்லை. வீட்டில் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், கடைசியில் வந்த முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். காகிதம் விலை. அது தவிர, பள்ளி நாட்களில் அவர் கையில் கிடைத்து அவரை உருவாக்கிய புத்தகம், கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த சூத்திரத் தொகுப்பு. அதிலும் சூத்திரங்கள் வரிசையாக இருக்குமே தவிர விளக்கம் அபூர்வம். முடிவை மட்டும் எழுதினால் போதும் என்ற பழக்கம் அங்கிருந்தே தொற்றியிருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவருக்குப் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது இந்தப் பழக்கம்தான்.

1909இல் ஜானகியோடு திருமணம். இனி சம்பாதித்தாக வேண்டும்.

திருக்கோவிலூர்: மறுத்தவர் செய்த உதவி

1910இல் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் போனார். அங்கே வி. ராமஸ்வாமி ஐயர் டெபுடி கலெக்டர். ராமானுஜன் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: தாலுகா அளவில் ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமஸ்வாமி ஐயர் அந்த வேலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். ரெவின்யூ இலாகாவின் அடிமட்டத்தில் ஒரு வேலை கொடுத்து இந்த மேதையை அமுக்கிவிட எனக்கு மனமில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். மாநிலக் கல்லூரியில் இருந்த பி.வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அவர் தற்காலிக வேலைக்கு வழி செய்தார், நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவுக்கும் அறிமுகம் கொடுத்தார்.

ராமானுஜன் எதற்காக இந்த ராமஸ்வாமி ஐயரைத் தேடிப் போனார்? 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ஆர்வலர்கள் சந்தா போட்டு வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் வரவழைத்து, தபாலில் ஒருவருக்கொருவர் சுற்றுக்கு விட்டுப் படிப்பதற்காக உருவான அமைப்பு. ராமச்சந்திர ராவ் அதன் செயலாளர். பின்னால் துறைமுகத்தில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக வந்த எஸ். நாராயண ஐயர் அதன் பொருளாளர். ஒரு டெபுடி கலெக்டர், ஒரு கலெக்டர், ஒரு துறைமுக அதிகாரி. மூன்று பேருக்கும் பகலில் வேறு வேலை, மாலையில் கணிதம். ராமானுஜனை மேலே கொண்டுபோன சங்கிலியின் முதல் கண்ணிகள் இவர்கள்தான்.

கல்லூரிப் பட்டமும் வளாக நேர்காணலும் இல்லாத ஒருவருக்கு இன்றும் இருக்கிற வழி இதுவே என்று நினைக்கிறேன். உங்கள் துறையில் சம்பளத்துக்காக அல்லாமல் பிரியத்துக்காகக் கூடுகிறவர்கள் எங்கோ இருப்பார்கள். மென்பொருள்காரர்களுக்குச் சனிக்கிழமைக் கூட்டங்கள், கட்டடக்கலைஞர்களுக்கும் கணக்காளர்களுக்கும் அவரவர் சங்கங்களின் ஊர்க்கிளைகள், மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாசகர் வட்டங்கள். அங்கே சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால், என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள்.

நெல்லூர் கலெக்டரோடு நடந்த சந்திப்புகள்

இந்த நிகழ்வு முழுவதிலும் நான் அதிகம் யோசித்த இடம் இது. 1910 டிசம்பரில் நடந்தது. ராமச்சந்திர ராவே பின்னால் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

கணிதம் அறவே தெரியாத அவருடைய உறவுப் பையன் ஒருவன் வந்து, கணிதம் பேசுகிற ஒருவர் வந்திருக்கிறார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, அதில் ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க முடியுமா என்று கேட்கிறான். உள்ளே வந்தவர் குள்ளம், பருமன், முகச்சவரம் இல்லை, அவ்வளவு சுத்தமாகவும் இல்லை. பளபளக்கும் கண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. அக்குளில் கிழிந்த நோட்டுப் புத்தகம். திறந்து வைத்துத் தன் கண்டுபிடிப்புகளை விளக்க ஆரம்பித்தார். ஏதோ அசாதாரணமானது இருக்கிறது என்று கலெக்டருக்குத் தெரிந்தது. ஆனால் சொல்வது சரியா, வெறும் பிதற்றலா என்று தீர்மானிக்கத் தன் அறிவு போதவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். முடிவு சொல்லாமல், மறுபடி வா என்று அனுப்பிவிட்டார்.

ராமானுஜன் மறுபடி வந்தார். இந்த முறை அவர் செய்தது வேறு. கலெக்டருக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதல் சந்திப்பிலேயே அளந்துவிட்டார். அதனால் எளிய முடிவுகள் சிலவற்றை முதலில் காட்டினார். அவை அன்றிருந்த நூல்களையே தாண்டிய முடிவுகள், ஆனாலும் ராவால் பின்தொடர முடிந்தவை. இவர் குறிப்பிடத்தக்க மனிதர்தான் என்று அப்போதே ராவுக்கு உறுதியாகிவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக நீள்வட்டத் தொகையீடுகளுக்கும், மிகைவடிவியல் தொடர்களுக்கும், கடைசியாக உலகம் அதுவரை அறியாத விரிதொடர்க் (கூட்டிக்கொண்டே போனாலும் ஓர் எண்ணில் நிலைக்காத தொடர்) கோட்பாட்டுக்கும் அழைத்துப் போனார். கலெக்டர் முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பிழைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர ஏதோ கொஞ்சம் பணம் போதும் என்று பதில் வந்தது.

இரண்டு விஷயங்களை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரே நோட்டுப் புத்தகம், ஒரே மனிதர், ஆனால் முதல் முறை எடுபடவில்லை, அடுத்த முறை எடுபட்டது. மாறியது வரிசை மட்டுமே. தன் படைப்பில் எது பெரியதோ அதை முதலில் காட்ட எல்லாருக்கும் ஆசை இருக்கும். எதிரில் இருப்பவர் எதுவரை வர முடியும் என்று பார்த்து, அங்கிருந்து கையைப் பிடித்து அழைத்துப் போவதற்குத் தன்னடக்கமும் வேண்டும், கூர்மையும் வேண்டும். நேர்காணலில் தன் புராஜெக்டை விளக்கும் பல இளைஞர்கள் கடினமான சொற்களில் தொடங்கி முதல் இரண்டு நிமிடத்திலேயே கேட்பவரை இழந்துவிடுகிறார்கள். திறமையில்லாத குழப்பம் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். அவர்கள் சொன்னதில் சரக்கு இருந்திருக்கலாம்.

இரண்டாவது, என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. சிறிய பதில், கேட்டவர் சக்திக்கு உட்பட்ட பதில். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார். "சார், ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு உதவ நினைப்பவரும் திணறிப்போவார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

ஒருவர் தயவில் காலம் தள்ளுவது ராமானுஜனுக்கு ஒப்பவில்லை. ஒரு வருடம் போல வாங்கிவிட்டு, சொந்த வேலை வேண்டும் என்று மறுபடி தேட ஆரம்பித்தார்.

விடை வராத கேள்வி

1911இல் கணிதச் சங்கத்தின் இதழில், வாசகர்கள் தீர்க்க வேண்டிய கேள்விகள் பகுதியில் ராமானுஜன் ஒரு கணக்கை அனுப்பினார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் போகும் வர்க்கமூலங்களின் மதிப்பு என்ன? ஆறு மாதம் ஆகியும் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. விடை 3 என்று அவரே எழுதிக் கொடுத்தார். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2×4. 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3×5. இப்படி இழுத்துக்கொண்டே போகலாம். பள்ளிக்கூடக் கணிதம் தெரிந்தவருக்குப் புரிகிற விளக்கம், ஆனால் யாருக்கும் தோன்றாத விளக்கம். தென்னிந்தியக் கணித வட்டாரத்தில் இப்படித்தான் அவர் பெயர் பரவத் தொடங்கியது.

அதே ஆண்டு பெர்னூலி எண்கள் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை அதே இதழில் வந்தது. அது அச்சேறுவதற்குள் பதிப்பாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பட்ட பாடு கொஞ்சமில்லை. முறைகள் மிகச் சுருக்கமானவை, புதியவை. எழுத்தில் தெளிவும் துல்லியமும் இல்லை. சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்பது அவர் கருத்து. கட்டுரை திரும்பத் திரும்ப ஆசிரியருக்கே திருத்தத்துக்குப் போய் வந்தது. நோட்டில் முடிவை மட்டும் எழுதிய பழக்கம் இங்கேதான் இடித்தது. ராமானுஜன் கோபித்துக்கொண்டு விலகவில்லை. திருத்தி அனுப்பினார், மறுபடி அனுப்பினார். சம்பளம் இல்லாமல் ஒரு இளைஞனின் எழுத்தை இவ்வளவு பொறுமையாகச் சீர்செய்த அந்தப் பதிப்பாசிரியரை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

துறைமுகம்

தொடக்கத்தில் சொன்ன விண்ணப்பத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதமும் இருந்தது. எழுதியவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். கணிதத்தில், குறிப்பாக எண்கள் தொடர்பான வேலையில், அசாதாரணத் திறமை கொண்ட இளைஞர் என்று ஆரம்பித்து, கணக்கிடுவதில் இயல்பான திறன் உடையவர், எண்களைக் கையாள்வதில் மிக வேகமானவர் என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். துறைமுகத்தின் கணக்குப் பிரிவுக்கு விரிதொடர்கள் தேவையில்லை, கணக்கை வேகமாகப் போடுகிற ஆள் தேவை. பேராசிரியர் அந்தத் திறமையை அலுவலகத்துக்குப் பயன்படும் மொழியில் சொல்லிக் கொடுத்தார். நல்ல பரிந்துரைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1912 மார்ச் 1இல் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாயைத் தாண்டாத குமாஸ்தா. தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியாளர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த இந்திய அதிகாரி நாராயண ஐயர். மாலை நேரங்களில் ஐயர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணிதம் போடுவார்கள். உன்னுடைய இரண்டு வரிகளுக்கு நடுவில் பத்து வரி எழுது, உனக்குச் சுலபமானது மற்றவருக்குச் சுலபமில்லை என்று நாராயண ஐயர் அவரை இழுத்துப் பிடிப்பாராம். ஐயரின் குடும்பத்தார் வழியாக வந்த நினைவு இது. அந்தப் பத்து வரிப் பயிற்சி, கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதுவதற்கு முந்தைய மாதங்களில் நடந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், 1912 நவம்பரில் ஸ்பிரிங்குக்கு எழுதினார்: உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ராமானுஜன் மிக அசாதாரணமான கணித வல்லுநர், கணக்கராக அவர் மோசமாகவே இருக்கலாம், ஆனாலும் அவர் திறமைக்கு ஒரு வழி பிறக்கும்வரை அவரைச் சந்தோஷமாக வேலையில் வைத்திருப்பீர்கள் என நம்புகிறேன். ஸ்பிரிங் அப்படியே வைத்திருந்தார். அலுவலகத்தில் ஆறு மாத மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பும் எல்லா மேலாளர்களும் இந்தக் கடிதத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருவர் கீழே வேலை செய்கிற பையன் அந்த நாற்காலிக்குப் பொருத்தமில்லாமல் இருக்கலாம். அவன் எதற்குப் பொருத்தம் என்று பார்த்து, அங்கே போகும்வரை சோற்றுக்குக் குறைவில்லாமல் வைத்திருப்பதும் மேலாளர் வேலையே. ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் அவருக்குப் பெரிய பதவி எதுவும் கொடுக்கவில்லை. நிலையான சம்பளம், மாலை நேரம், தங்கள் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டும் உரிமை ஆகியவற்றைக் கொடுத்தார்கள்.

கடிதங்கள்

கிரிஃபித் லண்டனில் இருந்த தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் தாள்களை அனுப்பினார். 1912 டிசம்பரில் பதில் வந்தது. கணித ஆர்வமும் ஓரளவு திறமையும் இருக்கிறது, ஆனால் விரிதொடர்களின் குழிகளில் விழுந்திருக்கிறார் என்றார் ஹில். எந்த நூலைப் படிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஏற்கவில்லை, ஆனால் படித்துப் பார்த்துவிட்டு எழுதிய பதில். கேம்பிரிட்ஜில் இருந்த பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் போன கடிதங்களால் எந்தப் பயனும் கிடைக்கவில்லை.

1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஜி.எச். ஹார்டிக்கு. சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்கிறார். பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்று தானே முந்திக்கொண்டு சொல்கிறார். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லை. அடுத்த வரியிலேயே, பள்ளியை விட்ட பின் கிடைத்த நேரத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டேன் என்று வருகிறது. அதற்கப்புறம் நேராக விஷயம்: ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டமான சூத்திரம் இன்னும் கிடைக்கவில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்றார் ராமானுஜன். பெறுநர் பெயரை மாற்றி நூறு பேருக்கு அனுப்பும் கடிதமில்லை அது. உங்கள் நூலைப் படித்தேன், இந்தப் பக்கத்தில் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து பேசுகிறேன் என்கிற கடிதம். கூடவே ஏறத்தாழ 120 முடிவுகள். கடைசியில் வேண்டுகோள்: இவற்றில் மதிப்புள்ளது ஏதும் இருப்பதாக நீங்கள் நம்பினால், நான் ஏழை என்பதால், இவற்றை வெளியிட உதவ வேண்டும்.

பகா எண்கள் பற்றிய அந்த முடிவில் பிழை இருந்தது. அவர் நினைத்த அளவுக்கு அது துல்லியமாக இல்லை. ஹார்டி அதைப் பின்னால் தெளிவாகவே சொன்னார். ஆனால் கடிதத்தைத் திறக்கவைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. மற்ற முடிவுகளை ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். முதல்தரக் கணித அறிஞர் மட்டுமே எழுதியிருக்கக் கூடியவை, பொய்யாக இருந்தால் இவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் யாருக்கும் இருக்காது என்பது ஹார்டியின் தீர்ப்பு. பிப்ரவரி 8இல் பதில் எழுதினார். ஏற்கெனவே தெரிந்தவை, சுவாரசியமானவை, புதியவையும் முக்கியமானவையும் என்று மூன்றாகப் பிரித்து, நிரூபணங்களை அனுப்பச் சொன்னார்.

இதற்கு ராமானுஜன் பிப்ரவரி 27இல் எழுதிய பதில், எனக்குத் தெரிந்த வேலைக் கடிதங்களிலேயே மிகத் துணிச்சலானது. என் உழைப்பை அனுதாபத்தோடு பார்க்கும் நண்பரை உங்களிடம் கண்டேன் என்கிறார். நான் ஏற்கெனவே அரைப்பட்டினி மனிதன், மூளையைக் காக்க எனக்குச் சோறு வேண்டும், அதுவே என் முதல் கவலை என்கிறார். அனுதாபமான ஒரு கடிதம் நீங்கள் எழுதினால் பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெற எனக்கு உதவும் என்று முடிக்கிறார். நெல்லூரில் கேட்டது போலத்தான்: யாரிடம், எதற்காக, எவ்வளவு என்பதில் குழப்பமே இல்லை. வறுமையைச் சொல்லவும் அவர் வெட்கப்படவில்லை.

காரியம் வேகமாக நடந்தது. டிரினிட்டியில் படித்தவரும் இந்திய வானிலைத் துறையின் தலைவருமான கில்பர்ட் வாக்கர் அலுவல் நிமித்தம் சென்னை வந்தபோது, ஸ்பிரிங் அவரிடம் தாள்களைக் காட்டினார். வாக்கர் மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதியில் இடமில்லை. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் சட்டபூர்வ நோக்கம் என்று எடுத்துக்காட்டித் துணைவேந்தர் நீதிபதி சுந்தரமய்யர் வழி கண்டார். 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை என்ற ஒரே நிபந்தனை. துறைமுகம் விடுப்பு கொடுத்து அனுப்பியது. விதி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிக் கோப்பை மூடுவது எவ்வளவு சுலபம் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபோது, கடல் தாண்ட முதலில் மறுத்தார். 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த டிரினிட்டி கணித அறிஞர் நெவில் பேசிப் பார்த்தபோது சம்மதித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. மார்ச் 17இல் கப்பல் ஏறினார். டிரினிட்டியும் 1918இன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் நாம் எல்லாரும் படித்த பகுதி, அதற்குள் போகவில்லை.

யார் கொடுத்த விலை

இதை முழு வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் போர்க்காலம். சைவச் சாப்பாட்டுக்குப் பொருள் கிடைப்பது கஷ்டம். தானே சமைத்து, நினைத்தபோது சாப்பிட்டு, நாள் கணக்கில் தூங்காமல் வேலை செய்தார். 1917இல் படுத்தவர் பல மருத்துவமனைகளில் மாறி மாறி இருந்தார். 1919இல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். சென்னையில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவருடைய சம்பளத்தையும் எழுத்தையும் பார்த்துக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு இணையற்ற துணை இருந்தது. வேளைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போகும் பிள்ளைகளிடம் அங்கே யாரோடு சாப்பிடப் போகிறாய் என்று நான் கேட்பது இதனால்தான். அது சம்பளப் பேச்சு அளவுக்கு முக்கியமான கேள்வி.

ஜானகியை இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. கணவர் கப்பல் ஏறியபோது அவர் சிறுமி. ஐந்தாண்டு பிரிவு, ஓராண்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அப்புறம் எழுபது ஆண்டுக்கும் மேல் விதவை வாழ்க்கை. தையல் கற்று, திருவல்லிக்கேணியில் அதை வைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். ஒருவருடைய முன்னேற்றத்துக்கு யாரெல்லாம் நேரமும் வயதும் கொடுத்தார்கள் என்று எழுதாத நிகழ்வு ஆய்வு அரைகுறையானது.

1919 ஜனவரியில், ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் சொன்னபோது, ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து பதிவாளருக்கு எழுதினார். நான் திரும்பி வந்ததும் கிடைக்கும் பணத்தில் பெற்றோருக்கு 50 பவுண்டு போக, என் அவசியச் செலவுகள் போக, மிச்சத்தை ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. இந்த வேண்டுகோளிலும் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்.